வெள்ளம் வந்தா போன் போடுங்க

அன்னைக்கு நல்ல வெயில். திராட்சைப் பந்தலுக்கு அடியில உக்காந்து நானும் என் வீட்டுக்காரி பாண்டியம்மாவும் பகல் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தோம். சாய்ஞ்ச கல்லுக்காலை நிமித்துற வேலை. கொடிக்கு மருந்து அடிச்சு ரெண்டு நாள்தான் ஆகியிருக்கும். இலையெல்லாம் நீலம் பூத்துக் கிடந்துச்சு. கஞ்சியிலயும் அந்த வாடை.

போன் அடிச்சுச்சு. ஏலியம்மா சேச்சி.

சேச்சி மலையாளத்துக்காரவுக. கட்டப்பனைப் பக்கம் இருந்து இறங்கி வந்து, முல்லையாத்தங்கரையில இடம் வாங்கி வீடு கட்டியிருக்காக. அவுக இடத்துக்கு வேலி போட்டது நான்தான். முந்தின நாள் வாசல் கேட்டுக்குக் கால் ஊனக் குழி தோண்டுறப்ப, என் கடப்பாரை பட்டுத் தண்ணிக் குழாய் ஒடைஞ்சு போச்சு. குழாய்க்காரரு வந்து ஒட்டினாரு. பசை காயட்டும், நாளைக்கு மோட்டாரைப் போடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

கிளம்புறப்ப நான் சேச்சிகிட்ட சொன்னேன். "வெள்ளம் வந்தா போன் போடுங்க சேச்சி. எந்நேரம்னாலும் போடுங்க."

மலையாளத்துல தண்ணிக்கு வெள்ளம்னு பேரு. அவுகளுக்கு லேசாப் புரியட்டும்னு அவுக பேச்சுல சொன்னேன். அவ்வளவுதான்.

போனை எடுத்தேன்.

"அண்ணாச்சி, வெள்ளம் வந்திருச்சு."

"வந்திருச்சா? ரொம்ப சந்தோஷம் சேச்சி."

அவுக மலையாளத்துல என்னதுன்னு கேட்டாக.

"எந்தா?"

"எப்படி வருது? வேகமா வருதா?"

"நல்ல வேகம் அண்ணாச்சி."

"கலங்கலா வருதா?"

"கலங்கி. செவப்பா இருக்கு."

"மொதல்ல அப்படித்தான் வரும். மண்ணு உள்ள போயிருக்கும்ல. செத்த நேரம் விட்டா தெளிஞ்சுரும். நீங்க பயப்படாதீக."

"நீங்க வரணும். உடனே வரணும்."

"எதுக்கு சேச்சி? அதான் வந்திருச்சே. நான் சாயங்காலமா வந்து பாக்குறேன். தொட்டி நெறைஞ்சதும் அடைச்சிருங்க."

"தொட்டியா?"

போன் கட்டாயிருச்சு. சட்டைப் பையில போட்டேன். கஞ்சி பாதி மிச்சம் இருந்துச்சு. எடுத்துக் குடிச்சேன்.

டெக்

இது நடந்து ரெண்டு மூணு வருசம் இருக்கும். அதுக்கு முந்தி ஒரு கோடையிலதான் சேச்சி எங்களைக் கூப்பிட்டாக.

இங்கன திராட்சைப் பந்தல் எல்லாம் கல்லுக்கால்லதான் நிக்குது. கருங்கல்லை நீளமா ஒடைச்சு எடுத்த கால். அதை ஊனுறதும் கம்பி இழுக்குறதும் எங்க வேலை. நான் குழி தோண்டுவேன். பாண்டியம்மா கலவை போடுவா. பந்தலைத் தவிர வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது. இதுவரைக்கும் இந்த விவசாயப் பத்திரிகையில எழுதினதும் அதைத்தான்.

சேச்சி கேட்டது இது. "ஆத்தங்கரையில ஒரு டெக் வேணும் அண்ணாச்சி."

சரின்னுட்டேன். எதுக்குச் சரின்னேன்னு எனக்கே தெரியல.

எனக்குத் தெரிஞ்ச டெக், படம் போடுற டெக். நான் எளவட்டமா இருக்கயில மாரியம்மன் பொங்கலுக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துட்டு வந்து தெருவுல வைப்பாக. ஊரே மண்ணுல உக்காந்து பாக்கும். நடுவுல கேசட்டு சிக்கிக்கிரும். டெக்குக்காரன் விரலை விட்டுச் சுத்துவான். அவன்தான் அன்னைக்கு ஊர்ல பெரிய ஆளு. அந்த டெக்கை இப்ப எவன் வச்சிருக்கான். எங்க போய் வாங்குறது.

வீட்டுல சொன்னேன். பாண்டியம்மா கேட்டா, "ஆத்தங்கரையில எதுக்குய்யா படம் போடுறாக? மீனு பாக்கவா?"

மறுநாள் போனப்ப சேச்சி செல்போன்ல ஒரு படம் காட்டினாக. பலகைத் தரை. தூண் மேல நிக்குது. மேல கூரை இல்ல. சுத்திக் கைப்பிடி. அதுல ஒரு வெள்ளைக்காரன் நாற்காலி போட்டு உக்காந்திருக்கான்.

"இதுக்கு எதுக்கு சேச்சி டெக்குன்னு பேரு?"

"கப்பல்ல மேல்தட்டு இருக்கில்லே. அதுக்கும் டெக்குன்னுதான் பேரு."

அவுக வீட்டுக்காரர் குரியன் சாரு கப்பல்ல வேலை பாத்தவரு. எஞ்சின் ரூம்ல. இருவது முப்பது வருசமா கடலுக்கு நடுவுல இருந்திருக்காரு. ஆனா கடலைப் பாத்தது கம்மின்னு சேச்சி சொன்னாக. எஞ்சின் ரூம் கீழ இருக்குமாம். சூடாம். எண்ணெய் வாடையாம்.

சேச்சி நர்சு வேலை பாத்து ரிட்டையர் ஆனவுக. என்னைவிட மூத்தவுக. ஆனா என்னை அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவாக. மலையாளத்துப் பக்கம் தமிழாளு எல்லாரும் அண்ணாச்சிதான். பாண்டியம்மாவுக்கு அது பெரிய சிரிப்பு.

சாரு சாப்பிட்டது

சாருக்கு ஒரு கையும் காலும் இழுத்துக்கிருச்சு. பேச்சும் போச்சு. ஒண்ணு ரெண்டு சொல்லு வரும். அதுவும் அவரு நினைச்ச சொல்லா இருக்காதுன்னு சேச்சி சொன்னாக. நல்லாருக்க கையாலயும் காலாலயும் வீல்சேரை மெல்லத் தள்ளிக்கிட்டு அவராப் போவாரு.

மலையில இருந்த வீட்டுல அவரு சுவரைப் பாத்துப் படுத்துட்டாராம். சாப்பாட்டைத் துப்பிருவாராம். டியூப் போட்டுரலாமான்னு டாக்டர் கேட்டிருக்காரு. அந்தச் சமயத்துல சொந்தக்காரவுக வீட்டுக்குப் போற வழியில இந்த ஆத்தங்கரையில காரை நிறுத்தியிருக்காக. சாருக்குக் கதவைத் திறந்து விட்டுட்டு, சேச்சி சும்மா கப்பைக்கிழங்கு, அதான் மரவள்ளி, ஒரு துண்டு குடுத்திருக்காக. சாப்பிட்டாரு. இன்னொண்ணும் வாங்கிச் சாப்பிட்டாரு. கண்ணு ஆத்து மேலயே இருந்துச்சாம்.

"அதுக்குத்தான் இந்த எடமே வாங்கினது" அப்படின்னாக. "ஆத்தைப் பாத்தா திங்கும் அண்ணாச்சி. ரூம்ல வச்சா திங்காது."

டெக்கு எதுக்குன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு.

ஆஞ்சிலி

மரம் எதுன்னு கேட்டேன். ஆஞ்சிலின்னாக. தண்ணியில கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது, எங்க ஊர்ல வள்ளம் எல்லாம் அதுலதான் கட்டுறதுன்னாக. வள்ளம்னா படகு.

கம்பம் டவுன்ல மரக்கடை மரக்கடையா ஆஞ்சிலி கேட்டு அலைஞ்சேன். ஒருத்தருக்கும் தெரியல. கடைசிக் கடையில அயினிப் பலகை மேல உக்காந்துதான் தண்ணி வாங்கிக் குடிச்சேன். ஆஞ்சிலியும் அயினியும் ஒரே மரம்னு அந்தக் கடைக்காரருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. சேச்சியே வந்து, நான் உக்காந்திருந்த பலகையைத் தட்டிப் பாத்து, இதுதான்னாக.

கீழ கல்லுக்கால்தான் குடுத்தேன். மரத்தை மண்ணுல ஊனினா இந்தப் பக்கம் கரையான் விடாது. காலைச் சுத்திக் கலவையைக் குவிச்ச மாதிரி போட்டேன், தண்ணி தங்காம வழியட்டும்னு. பலகை வெட்டின முனையில எல்லாம் தார் பூசினேன். மேல பழைய எஞ்சின் ஆயில் அடிக்கிறேன்னேன். சேச்சி வேண்டாம்னுட்டாக. சாரு அந்த வாடையை ஆயுசுக்கும் மோந்தாச்சுன்னாக. முந்திரித்தோட்டு எண்ணெய் வாங்கிட்டு வந்து குடுத்தாக. அது கையில பட்டா புண்ணாகுது. ஆனா பலகை கருகருன்னு நல்லா இருந்துச்சு.

டெக்குலயும் அதுக்குப் போற பாதையிலயும் பலகையை நீள வாக்குல போட்டேன். பாக்க அழகா இருந்துச்சு. நடுவுல சுண்டுவிரல் மொத்தத்துக்கு இடைவெளி. அக்கினி நட்சத்திரம் வந்துச்சு. பலகை காய்ஞ்சு சுருங்கி இடைவெளி அகலமாயிருச்சு. சாரு வீல்சேரு முன்சக்கரம் அதுல போய் உக்காந்துக்கிருச்சு. அவரு அப்படியே வெயில்ல அரை மணி நேரம் இருந்திருக்காரு. கூப்பிட வாய் வராதே.

எல்லாத்தையும் கழட்டிக் குறுக்கு வாக்குல போட்டேன். இந்தத் தடவை ஆணி இல்ல, ஸ்குரூ. குறுக்க போட்டா சக்கரம் இடைவெளியைத் தாண்டிப் போயிரும். இதை மொதல்லயே யோசிச்சிருக்கலாம். நான் படத்துல இருந்ததைப் பாத்துப் போட்டேன். படத்துல வீல்சேர் இல்ல.

எடம் எப்படின்னா

எடத்தைச் சொல்லிர்றேன். இல்லைன்னா பின்னாடி புரியாது.

வீடு மேட்டுல இருக்கு. ஆத்தங்கரையும் ஒரு மேடு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பள்ளம். எந்தக் காலத்துலயோ ஓடையா இருந்திருக்கும். நாங்க பாக்கயில புல்லு மொளைச்சுக் காய்ஞ்சு கிடந்துச்சு. கரை மேட்டுல டெக்கு. வீட்டுல இருந்து டெக்குக்குப் பள்ளத்து மேல நடைபலகை, பாலம் மாதிரி, ரெண்டு முனையும் சரிவா, நடுவுல டெக்கைவிடத் தாழ்வா.

சுத்தி வேலி. ஆத்தோரம் காட்டுப்பன்னி வரும். மண்ணைக் கெண்டி உள்ள பூந்துரும். அதுக்காகக் கம்பி வலையைக் கல்லுக்கால்ல இறுக்கிக் கட்டி, அடியைச் சிமிண்டுல புதைச்சேன். எலி போகாது. சேச்சி உலுக்கிப் பாத்தாக. அசையல. "ஒறப்பு" அப்படின்னாக, பலமா இருக்குன்னு. எனக்கும் அது நல்லா இருந்துச்சு.

சாரு தெனம் காலையில டெக்குக்குப் போவாரு. இட்டிலி, கப்பை, மீன் எல்லாம் அங்கனதான் சாப்பாடு. கன்னத்துல சதை போட்டுச்சு. ஒரு நாள் பாண்டியம்மாவைப் பாத்து "தீப்பெட்டி" அப்படின்னாரு. அவ தீப்பெட்டி எடுத்துக் குடுத்தா. தலையை ஆட்டினாரு. வணக்கம் சொல்லியிருப்பாரு போலன்னு சேச்சி சொன்னாக.

பந்தல்ல இருந்து

கஞ்சி குடிச்சேன்னு சொன்னேன்ல. குடிச்சு முடிச்சுத் தூக்குவாளியைக் கழுவப் போனேன்.

"என்னவாம் சேச்சிக்கு?" பாண்டியம்மா கேட்டா.

"தண்ணி வந்திருச்சாம்."

"அதுக்கு எதுக்குய்யா அத்தனை நேரம்?"

"என்னமோ. அழுகுற மாதிரி பேசினாக."

"தண்ணி வந்ததுக்கு யாராவது அழுவாகளா?"

தூக்குவாளியைக் கவுத்து வச்சேன். அவ எந்திரிச்சா. தலையில கட்டியிருந்த துண்டை அவுத்துக் காதைக் குடுத்துக் கேட்டா.

"இந்தாய்யா. மோட்டார் எங்கயும் ஓடுதா?"

"இல்லையே."

"அப்ப அது என்ன சத்தம்?"

நானும் கேட்டேன். கிழக்க, ஆத்துப் பக்கம். லாரி மேட்டுல ஏறுற மாதிரி. ஆனா லாரி ஏறி முடிக்கவே இல்ல.

எங்களுக்கு மேல ஒரு பொட்டு மேகம் இல்ல. இங்கன அப்படித்தான். மலையில மழை பேயும், கீழ வெயில் அடிக்கும். வெயில்லயே ஆறு வரும். எனக்கு அது தெரியாதா. தெரியும். அன்னைக்குத் தோணல. வெள்ளம்னா தண்ணின்னு மனசுல ஒட்டிப் போச்சு.

ஓடினோம். ரெண்டு வயக்காடு தாண்டணும். கட்டிங் பிளேரு என் இடுப்புலயே இருந்துச்சு.

கம்பி வலை

பள்ளம் கண்மாய் மாதிரி நெறைஞ்சு கிடந்துச்சு. செவப்புத் தண்ணி. வீட்டுப் பக்கத்து நடைபலகைச் சரிவுல சேச்சி தொடையளவு தண்ணியில கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாக. போன் இன்னும் கையில இருந்துச்சு. சாரு அந்தப் பக்கம் டெக்கு மேல. டெக்கு நனையல. அதைச் சுத்தி மட்டும் தண்ணி.

ஆறு கரை மேல ஏறி வரல. மேல்பக்கமாச் சுத்திப் பழைய ஓடை வழியா உள்ள வந்திருக்கு. வந்தது கீழ்ப்பக்கமா வெளிய போகணும். போக முடியல. கீழ்ப்பக்கத்து வேலியில வாழைத்தண்டு, ஆகாயத்தாமரை, தென்னமட்டை, ஒரு பிளாஸ்டிக் கொடம், எல்லாம் போய் அடைச்சு அணை மாதிரி நின்னுச்சு. நான் கட்டின வேலி. அசையல.

மேல்பக்கத்து வேலியிலயும் குப்பை இருந்துச்சு. அது பாதித் தண்ணியைத் தடுத்துக்கிட்டு நின்னுச்சு.

கட்டிங் பிளேரை எடுத்துக்கிட்டு நான் நின்னேன். எதை அறுக்குறதுன்னு தெரியல. மேல அறுத்தா இன்னும் தண்ணி உள்ள வரும். கீழ அறுத்தா வடியும். ஆனா வடியிற வேகத்துல நடைபலகையை இழுத்துட்டுப் போயிருமோ. அறுக்காம விட்டா தண்ணி ஏறுமா, இறங்குமா. ஒண்ணும் தெரியல.

"எதைய்யா அறுக்கப் போற?"

"தெரியல புள்ள."

"நின்னுக்கிட்டே இருந்தா தெரிஞ்சிருமா?"

எனக்குப் பக்கத்துல இருந்தது கீழ்ப்பக்கம். அதை அறுத்தேன். நாலு கண்ணி அறுத்ததுமே மிச்சத்தைத் தண்ணியே கிழிச்சிருச்சு. வலையும் குப்பையும் கொடமும் ஒண்ணாப் போச்சு. ஒரு கல்லுக்கால் சாய்ஞ்சுச்சு. தண்ணி இழுத்த இழுப்புல பாண்டியம்மா என் பின்சட்டையைப் பிடிச்சுக்கிட்டா.

கொஞ்ச நேரத்துல தொடையளவு இருந்தது முழங்கால் ஆச்சு. நான் அறுத்ததுல வடிஞ்சுச்சா, ஆறே இறங்குச்சான்னு இப்ப வரைக்கும் எனக்குத் தெரியாது. மேல்பக்கத்துத் தோட்டக்காரரு ஒருத்தரு அந்நேரத்துக்கு ஆறே இறங்கிருச்சுன்னாரு. பாண்டியம்மா அறுத்ததுலதான்னு சொல்றா.

காலால பலகையைத் தடவித் தடவிப் போனோம். பலகை ஒண்ணும் பிடுங்கல.

சாரு வீல்சேருக்கு பிரேக் போட்டு உக்காந்திருந்தாரு. முகத்துல பயம் இல்ல. சிரிப்பும் இல்ல. ஒரு பெரிய தென்னை வேரோட உருண்டு போச்சு. அது மறையிற வரைக்கும் பாத்தாரு.

நானும் பாண்டியம்மாவும் நாற்காலியோட தூக்குனோம். நாற்காலி வந்துச்சு. அவரு வரல. நல்லாருக்க கையால டெக்குக் கைப்பிடியைப் பிடிச்சிருந்தாரு. விரலை நிமித்தினா திரும்பவும் பிடிக்கிறாரு.

பாண்டியம்மா குனிஞ்சு அவரு காதுகிட்ட சொன்னா. "கையை விடுங்கய்யா. ஆறு எங்கயும் ஓடிராது. நாளைக்கும் இங்கனதான் கிடக்கும்."

அவரு கையை விட்டாரு.

யாரு பேச்சு

வீட்டுக்குள்ள வந்து சாருக்குத் துணி மாத்தி, அப்புறம்தான் சேச்சி என்னைப் பாத்தாக.

"வெள்ளம் வந்தா போன் போடுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா சேச்சி."

"எந்நேரம்னாலும் போடுன்னீங்க. அதான் வேற யாரையும் கூப்பிடாம உங்களைக் கூப்பிட்டேன். நீங்க சந்தோஷம்னு சொல்றீங்க. தொட்டியை அடைக்கச் சொல்றீங்க."

"நான் குழாய்த் தண்ணியைச் சொன்னேன் சேச்சி. உங்க பேச்சுல வெள்ளம்னா தண்ணிதானே."

"நீங்க தமிழாளு. தமிழ்ல வெள்ளம்னா இது." சன்னல் பக்கம் கையைக் காட்டினாக. "நான் தமிழ்லதான் சொன்னேன். உங்களுக்குப் புரியணும்னு தமிழ்ல சொன்னேன்."

"நான் மலையாளத்துல கேட்டுட்டேன்."

பாண்டியம்மா எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தா. "ஆளாளுக்கு அவுகவுக பேச்சைப் பேசியிருந்தா தேவலையே" அப்படின்னா.

சேச்சி சிரிச்சாக. சிரிச்சுக்கிட்டு இருக்கயிலயே அழுதுட்டாக. அழுதுக்கிட்டே சொன்னாக, "அந்த டெக்கு வேண்டா அண்ணாச்சி. மண்ணு காயட்டும். வந்து பிரிச்சு எடுத்துருங்க."

சாரு கட்டில்ல இருந்தாரு. அவருக்கும் கேட்டிருக்கும்.

வேலின்னா

எல்லாரும் என்கிட்ட இதைக் கேக்குறாக. ஆத்தோரம் வேலி எப்படிப் போடணும்னு.

இப்ப நான் அடியில சிமிண்டு போடுறது இல்ல. தண்ணி வெளிய போற பக்கத்து வலையை மேல மட்டும் கொக்கி போட்டுத் தொங்க விட்டுர்றேன். தண்ணி தள்ளினா தூக்கிக்கிட்டு வழி விடும். அது வெள்ளத்துக்குச் சரி. ஆனா பன்னியும் தள்ளுது. பன்னிக்கும் வழி விடுது. போன மழையில ஒருத்தரு தோட்டத்துல வேலி நின்னுச்சு, கிழங்கு போச்சு. அவரு என்னை ஏசினாரு.

வேலின்னா நிக்கணுமா, விடணுமா. எனக்குத் தெரியல. தெரிஞ்சவுக எழுதுங்க.

பிரிக்கப் போன நாள்

மண்ணு மேல காய்ஞ்சுருச்சு. அடியில சேறுதான். ஸ்குரூ டிரைவர் மிஷினும் கடப்பாரையும் எடுத்துக்கிட்டு நானும் பாண்டியம்மாவும் போனோம்.

அந்த நாளு வரைக்கும் சாரை சேச்சி வெளிய விடல. கூடத்துலயே வச்சிருந்தாக. மறுபடியும் சாப்பாட்டைத் துப்ப ஆரம்பிச்சிருக்காரு. தோள்பட்டை எலும்பு தெரிஞ்சுச்சு.

நாங்க சேச்சிகிட்டப் பேசிக்கிட்டு இருக்கயிலயே அவரு வீல்சேரைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாரு. மெதுவாத்தான் போவாரு. ஆனா நாங்க பாக்கல. பாக்கயில டெக்குக் கடைசியில, ஆத்துப் பக்கம் போயி நின்னு பிரேக் போட்டிருந்தாரு.

எனக்கு இப்ப ஒரு கஷ்டம். ஆத்துப் பக்கம் இருந்துதான் பிரிச்சுக்கிட்டு வரணும். அங்கன அவரு உக்காந்திருக்காரு. வீட்டுப் பக்கம் இருந்து பிரிச்சா அவரு வர வழி இல்ல.

"சேச்சி, அவரைக் கூப்பிடுங்க."

"இச்சாயா" அப்படின்னு கூப்பிட்டாக. புருசனை அப்படித்தான் கூப்பிடுவாக. அவரு திரும்பல. போய்ப் பிரேக்கை எடுத்தாக. அவரு திரும்பப் போட்டாரு. எடுத்தாக. போட்டாரு. அப்புறம் சேச்சி வேகமா எங்ககிட்ட நடந்து வந்தாக.

"அவரு இருந்தா இருக்கட்டும். நீங்க இந்தப் பக்கத்துல இருந்து எடுங்க."

"வழி போயிருமே சேச்சி."

"எடுங்க."

நான் பாண்டியம்மாவைப் பாத்தேன். அவ வேற எங்கயோ பாத்தா.

நடைபலகையில நடுவுல இருந்து எடுத்தேன். ஒண்ணு, அடுத்தது, அடுத்தது. ஸ்குரூ நல்லாத்தான் பிடிச்சிருந்துச்சு. ஆளு தாண்ட முடியாத அளவுக்கு எடுத்தாச்சு. கீழ சேறு. நிறுத்திட்டேன். மேற்கொண்டு கை போகல. வெயில் ஏறுச்சு. எடுத்த பலகையை நிழல்ல அடுக்கி வச்சுட்டு நாங்க உக்காந்துட்டோம். சேச்சி உள்ள போனவுக வரல.

சாரு ஆத்தைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. ஆறு ஒண்ணும் இல்ல, சாதுவாப் போச்சு. கொக்கு நின்னுச்சு.

பகல்ல அவருக்கு மாத்திரை உண்டு. சேச்சி அதுல நேரம் தப்ப மாட்டாக. ஒரு கையில மாத்திரை, ஒரு கையில தண்ணி டம்ளரு, கக்கத்துல மூடி போட்ட கிண்ணத்துல கப்பை. வேகமா வந்தாக. வந்த வேகத்துல அந்த இடைவெளிகிட்ட நின்னுட்டாக. டம்ளர்ல இருந்து கொஞ்சம் தண்ணி சிந்துச்சு.

கீழ பாத்தாக. அந்தப் பக்கம் பாத்தாக. அவரு முதுகு மட்டும் தெரிஞ்சுச்சு.

நான் எந்திரிச்சேன். என்ன சொல்லப் போறாகன்னு தெரியாம நின்னேன்.

"பலகையைப் போடுங்க."

எடுத்து வச்சேன். பாண்டியம்மா ஒரு முனை, நான் ஒரு முனை. நகராம இருக்க ரெண்டு பக்கமும் கட்டை குடுத்தேன். கடைசிப் பலகையை வைக்கயில சேச்சி அதுல காலை வச்சுட்டாக.

"ஸ்குரூ முறுக்கணும் சேச்சி. செத்த இருங்க."

அவுக போயிட்டாக. பலகை ஒவ்வொண்ணும் மிதிக்க மிதிக்க டொக்கு டொக்குன்னுச்சு. அங்கன போய் அவரு பக்கத்துல குனிஞ்சாக. கிண்ணத்தைத் திறந்தாக. அவரு வாயைத் திறந்தாரு.

மறுநாள் ஸ்குரூவோட போனேன். இருக்கட்டும்னாக. அடுத்த வாரம் போனேன். இருக்கட்டும்னாக. எனக்கு விளங்கல. முறுக்காத பலகை அடுத்த தண்ணிக்கு மிதந்து போயிரும். அதைச் சொன்னேன். தெரியும்னாக.

போன மாசம் அந்தப் பக்கம் வேலை. பாத்துட்டு வரலாம்னு போனேன். சேச்சி அடுக்களையில பால் இல்லாத கட்டன் காப்பி போட்டுக்கிட்டு இருந்தாக. எனக்கு ஒரு கிளாஸ் ஊத்தினாக. ஊத்திக்கிட்டு இருக்கயில வெளிய டொக்கு டொக்குன்னு சத்தம். மெதுவா, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா. சேச்சி ஊத்துறதை நிறுத்திட்டுக் கேட்டாக. கடைசிப் பலகைச் சத்தமும் வந்துச்சு. பிறகு சத்தம் இல்ல. சாரு டெக்குக்குப் போய்ச் சேந்துட்டாருன்னு அர்த்தம்.

சன்னலுக்குப் போய் மலையைப் பாத்தாக. மலை முகட்டுல மேகம் இல்ல.

வந்து மிச்சக் காப்பியை ஊத்தினாக. ஸ்குரூ என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. நான் அதைப் பத்திக் கேக்கல.